ஒண்டிக்கு ஒண்டி

ஒத்தக்கொம்பன் தறிமேட்டுக்கு வந்த காலையில் கரண்ட் இருந்தது, ஊரில் உள்ள விசைத்தறி அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவன் நடந்து வந்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஷம்ஷாத் அக்காவின் கேம் கடை வாசலில், தகரக் கூரை தலையில் இடிக்காதபடி முதுகை வளைத்து, முறிந்த கொம்பின் அடிக்கட்டையிலிருந்து ரத்தம் கசிந்து காது வழியாக இறங்க, இரும்புக் கவசத்தைத் துளைத்து மார்பு நிறைய அம்புகள் தைத்திருக்க, அவன் உட்கார்ந்திருந்தான். கடை திறக்க வந்த அக்கா சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைச் சற்று நேரம் பார்த்தாள். ஷட்டரைத் தூக்கணும், சித்தெ நகந்துக்கப்பா என்றாள். அவன் நகர்ந்துகொண்டான்.

அவனை எங்களுக்கு முன்பே தெரியும். தறிமேட்டில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவனுக்குத் தனியாக இருப்பது என்று ஒன்று கிடையாது. ஓர் ஆள் எட்டுத் தறியைப் பார்க்க வேண்டும், எட்டும் எட்டு விதமாகக் கத்தும், அந்தக் கத்தலுக்கு மேலே மேஸ்திரி கத்துவான், விடிந்து வீட்டுக்குப் போனால் இருக்கிற ஒரே அறையில் பிள்ளைகளும் மிக்ஸியும் டிவியும் மச்சானும் கத்துவார்கள், படுத்தால் தூக்கத்துக்குள்ளும் தறியின் நாடா இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஷிப்ட் விட்டதும் பஞ்சுத் தூசியைத் தலையிலிருந்து தட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, வீடு போவதற்கு முன்னால் அக்கா கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம், பேசிக்கொள்ள மாட்டோம். ஆளுக்கொரு டிவி, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், ஆளுக்கொரு மலை.

அந்த ஆட்டத்துக்குக் கம்பெனிக்காரன் வைத்த பேர் எங்கள் வாயில் நுழையவில்லை, நாங்கள் கோட்டை என்போம். பனி பெய்கிற மலை ஒன்றில் ஒரே ஒரு ஆள் வாளோடு ஏறுவான். வழியில் குறுக்கே வருகிறவர்களை வெட்டுவான், கை போகும், தலை போகும், பனி சிவக்கும், பிறகு நெடுந்தூரத்துக்கு யாரும் வரமாட்டார்கள், காற்று மட்டும் வீசும், அவன் நடந்துகொண்டே இருப்பான். எங்களுக்கு வெட்டும் பிடிக்கும், அந்த நடை அதைவிடப் பிடிக்கும். மலை உச்சியில் கோட்டை, கோட்டைக்குள் கடைசிக் கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் ஒத்தக்கொம்பன். அவனைக் கொன்றால் கதை முடிந்தது. கொன்றவன் பெருமூச்சு விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுப்பான், மறுநாள் மலையடிவாரத்திலிருந்து மறுபடி தொடங்குவான்.

சென்னியப்பன் மட்டும் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் கூடிவராமல் அண்ணன் வீட்டு ஓரத்தில் படுத்துக்கொள்கிற ஆள். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கடைசிக் கதவுவரை போய்ச் சேர்ந்தவர் அவர்தான். கதவுக்கு முன்னால் ஆட்டத்தில் ஒரு நெருப்பு எரியும். தன் ஆளை அந்த நெருப்பருகே உட்கார வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒத்தக்கொம்பன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டபடி அக்கா கடை பெஞ்சில் தூங்கிப்போவார். எட்டு வருஷம் அப்படித் தூங்கினார். தொறந்து பாத்துட்டாத்தான் என்னங்கண்ணா என்று யாராவது கேட்டால், தொறந்தா தீந்துபோயிருமே என்பார். அவருக்குப் பக்கத்து டிவியில் சுதாம் உட்காருவான், ஒரிசாக்காரன், தறிக் குடோனில் அவருக்கு அடுத்த வரிசைத் தறி. அவனுக்குத் தமிழ் கொஞ்சம், அவருக்கு ஒரியா துளியும் இல்லை. வரும்போது ஒரு தலையசைப்பு, போகும்போது ஒரு தலையசைப்பு. அவருக்கு இருந்த சிநேகிதம் அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கம்பெனிக்காரன் கோட்டையைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டான். டிவியைப் போட்டால் மலை வரவில்லை. கூட்டாளிகள் வரும்வரை காத்திரு என்று இங்கிலீஷில் வந்தது. நெட்டைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தோம், ஒன்றுமே வரவில்லை. கூட்டாளிகள் வந்தார்கள், எங்கெங்கிருந்தோ, முப்பது பேர், தலையில் பொம்மைத் தொப்பியும் முதுகில் சிறகும் மாட்டிக்கொண்டு, பனியில் குத்தாட்டம் போட்டுக்கொண்டு, நான்கு பாஷையில் ஒருவர் அம்மாவை ஒருவர் வைதுகொண்டு. சென்னியப்பனின் நெருப்பு இல்லை. கதவும் இல்லை, சந்தைக்கடை வாசல்போல் திறந்து கிடந்தது, உள்ளே ஒத்தக்கொம்பனைச் சுற்றி நின்று அத்தனை பேரும் குத்தினார்கள், அவன் விழுந்தான், ஒரு டீ ஆறுகிற நேரத்தில் எழுந்தான், அடுத்த முப்பது பேர் குத்தினார்கள். இரவும் பகலும் இதுதான் நடந்தது. எங்களில் ஒருவன் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் அடித்து உடைத்தான். இன்னொருவன் கம்பெனிக்காரனுக்கு நாலு பக்கம் தமிழில் எழுதி அனுப்பினான், பதில் வரவில்லை. பழசு வராதுங்களாக்கா, ஒண்டியா ஆட முடியாதுங்களா என்று சென்னியப்பன் கேட்டபோது ஷம்ஷாத் அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல், காலம் அப்படி ஆயிப்போச்சு தம்பி என்றாள்.

கோகுல்நாத்துக்கு மட்டும் இது திருவிழா. செல்போன் கடை வைத்திருப்பவன், இருபத்தைந்து வயது, தறிமேடு டைகர்ஸ் என்று ஒரு டீம் சேர்த்திருந்தான். ஒண்டியா ஒக்காந்து பேய்மாதிரி மலையேறிட்டு இருந்தீங்களேண்ணா, இப்பப் பாருங்க ஒலகமே கூட இருக்குது என்று அவன் சொன்னதில் கேலி பாதிதான். அவன் நல்ல பையன். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், இன்றைக்கும்.

இந்த நிலையில்தான் ஒத்தக்கொம்பன் வந்து உட்கார்ந்தான். எப்படி வந்தான் என்று கேட்க எங்களுக்கு நேரமில்லை, வந்தவனை எங்கே வைப்பது என்பதுதான் ஊர்க் கவலையாக இருந்தது. அக்கா அவனுக்கு வாளியில் டீ கொடுத்தாள். கொம்பு கம்பியில் உரசும் என்று லைன்மேன் வந்து ஒயரை உயர்த்திக் கட்டினான். நாலு பேர் முக்கித் தூக்குகிற, தறிக்கு நூல் சுற்றிய பாவு பீமை அவன் ஒற்றைத் தோளில் தூக்குவதைப் பார்த்த முதலாளி ஒருவர், கூலி வேண்டாம், சோறு போட்டால் போதும்போல என்று மற்ற முதலாளிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். சாயப்பட்டறைப் பெண்கள் ஈர நூலை உயரக் கம்பத்தில் காயப்போட அவனைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்ட இடத்துக்குப் போனான். பேசவில்லை. ஷிப்ட் விட்டு வந்த சென்னியப்பன் அவன் எதிரில் வந்து நின்றார். அவன் மூச்சு விட்டான். அதைக் கேட்டதும் அவர் வேறொன்றும் செய்யவில்லை, அவனுக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் படுத்து, பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

சந்தை நாளில் கோகுல்நாத்தின் டீம் பைக்கில் வந்து இறங்கியது. நாம தெனம் கொல்ற ஆளுடா இவன் என்றான் கோகுல்நாத், பழைய வகுப்புத் தோழனைப் பார்த்த சந்தோஷத்தில். பைக் செயினும் கடப்பாரையும் கட்டுமானக் கம்பியும் எடுத்தார்கள், தூரத்தில் நின்று எறிகிறவர்கள் தூரத்தில் நின்றார்கள், முட்டியை உடைக்கிறவர்கள் கிட்டப் போனார்கள், யார் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு நடுவில், தக்காளிக் கூடைகளுக்கு மத்தியில், அவன் மண்டை பிளந்து விழுந்தான். ரத்தம் சாக்கடைவரை ஓடியது. பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள், யாரோ வாந்தி எடுத்தார்கள். டீ ஆறுகிற நேரம் ஆனது. பிளந்த மண்டை மூடிக்கொள்ள, அவன் எழுந்து, தக்காளியைத் தட்டிவிட்டுக்கொண்டு, முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். பொத்திய கைகள் விலகின. அப்ப ஒண்ணும் ஆகலியா என்று தக்காளிக்காரி கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எங்கள் ஊர் கெட்டது.

ஒன்றும் ஆகாது என்று தெரிந்தபின் எல்லோருக்கும் கை நமநமத்தது. மேஸ்திரியிடம் வசவு வாங்கியவன் வந்து ஒரு போடு போட்டான், காதலி வேறிடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் வந்து கண்ணை நோண்டினான், தாலுகா ஆபீசில் அலைந்தவன், மாமனாரோடு பேச்சு இல்லாதவன், நூல் அறுந்த கோபத்தைக் காட்ட ஆளில்லாதவன், எல்லோரும் வந்தார்கள். புருஷனிடம் அறை வாங்கிய பெண்கள் அம்மிக் குழவியோடு வந்தார்கள். ஆனால் தனித்தனியாக யாரும் அடிக்கவில்லை, கூட்டம் சேரும்வரை காத்திருந்துதான் அடித்தார்கள், ஏனென்று கேட்டால் தனியாக அடிக்க ஒரு மாதிரி இருக்கிறது என்றார்கள். ஸ்டேஷனில் புகார் வருவது நின்றது. இன்ஸ்பெக்டர் ஒத்தக்கொம்பனுக்கு மாலை போட்டார், மாலை போட்ட கழுத்தைச் சாயங்காலம் வெட்டினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், மொட்டைக்குக் கூட்டி வருவதுபோல் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள், கம்பி வாடகைக்கு விட இரண்டு கடை வந்தது. சென்னியப்பன் அவன் அருகில் படுப்பதை நிறுத்திக்கொண்டார். அடிபடும் உடம்புக்குப் பக்கத்தில் தூக்கம் வராது.

கஷ்டம் எங்கே வந்ததென்றால், அவன் செத்துக் கிடக்கிற அந்த டீ ஆறுகிற நேரத்தில் வந்தது. அவன் செத்திருப்பான், எங்கள் கைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போன பிறகும் தறி இரண்டு மூன்று அடி அடித்துவிட்டுத்தானே நிற்கும். முதலில் தெருநாயை அடித்தார்கள். பிறகு டீக்கடை பெஞ்சை உடைத்தார்கள். பிறகு விளையாட்டுக்கு ஒருவரை ஒருவர் முதுகில் குத்திக்கொண்டார்கள், ஒருவனுக்குப் பல் விழுந்தது, எல்லோரும் சிரித்தோம், பல் விழுந்தவனும் சிரித்தான்.

சுதாம் அப்படியொரு இடைவேளையில்தான் வந்தான். ஷிப்ட் விட்டு, தலை நிறையப் பஞ்சோடு, கையில் சோற்று டப்பாவோடு வந்தவன், வயிறு கிழிந்து கிடந்த ஒத்தக்கொம்பனைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி அவன் முகத்தின் மேல் போட்டான். அவன் ஊரில் பிணத்தை முகம் திறந்து தெருவில் போட மாட்டார்களாம். எங்கள் ஊரிலும் மாட்டோம். கூட்டம் சிரித்தது.

"செத்தவனுக்குத்தான்டா துண்டு போடுவாங்க, இவன் எந்திரிப்பான்" என்று கோகுல்நாத் சுதாமின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினான். விளையாட்டுத் தட்டுதான். தட்டில் டப்பா கீழே விழுந்து சோறு கொட்டியது, சோற்றைப் பார்த்துக் குனிந்த சுதாம் நிமிரும்போது ஏதோ சொன்னான், ஒரியாவில் சொன்னான், என்னவென்று எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது ஆள் அடித்தான். மூன்றாவது யார் என்று கேட்டால் நாங்கள் ஒவ்வொருவரும் இன்னொருவனைக் காட்டுவோம். முட்டியை உடைக்கிறவன் முட்டியை உடைத்தான், தூரத்திலிருந்து எறிகிறவன் தூரத்திலிருந்து எறிந்தான். பிறகு எல்லோரும் பின்னால் நகர்ந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, அவன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தோம்.

அப்படித்தான் காத்திருந்தோம். டீ வாங்கிக் குடித்தோம். டீ தீர்ந்தது. ஒத்தக்கொம்பன் எழுந்தான், முகத்தில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தான், பக்கத்தில் கிடந்தவனைப் பார்த்தான். இரு, எந்திரிப்பான் என்று கோகுல்நாத் சொன்னான். இன்னொரு சுற்று டீ வந்தது. இரு, எந்திரிப்பான் என்றான். சொன்னவனின் உதடு வெளுத்திருந்தது. ஈ வந்து சுதாமின் கண்ணில் உட்கார்ந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள், கடைசியில் கோகுல்நாத் மட்டும் நின்று, எந்திரிப்பான், எந்திரிப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒத்தக்கொம்பன் சுதாமைப் பாவு பீம்போல் அல்லாமல் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வீதி வழியாக நடந்து, சென்னியப்பனின் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவர் வெளியே வந்தார். இனித் தலையசைக்காத அந்த முகத்தைப் பார்த்தார். ஒத்தக்கொம்பன் அப்போதுதான் முதன்முதலாகப் பேசினான். அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே இருந்தது. இத்தனை காலம் எங்கள் கையால் செத்தவனுக்கு வேறெந்தப் பேச்சு வரும்.

"இவன் இனி எந்திரிக்க மாட்டானா?"

"மாட்டான்" என்றார் சென்னியப்பன்.

"எனக்கும் இப்பிடி ஒண்ணு குடு."

அவர் திண்டாடிப்போனார். நான் கதவையே தொறக்காத ஆளுங்க என்றார்.

"தெரியும். கதவுக்கு அக்கட்ட நாந்தான ஒக்காந்திருந்தேன். நீ தூங்கற சத்தம் கேட்டுட்டேதான் இருந்தேன்" என்றான் அவன். "கூட்டம் கொன்னா எந்திரிச்சுருவேன். கொன்னது யாருன்னு இல்லாமப் போயிருது. ஒரு ஆளு வேணும்."

போலீஸ் வந்தது. யார் அடித்தது என்று கேட்டது. எல்லாரும்தானுங்க என்றோம். எல்லோரையும் வைக்கிற அளவுக்கு ஸ்டேஷன் பெரிதில்லை. எல்லோரும் என்றால் யாருமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். சுதாமின் உடம்பு ஐஸ் பெட்டியில் ரயிலேறியது. அவன் ஊரிலிருந்து வந்த தம்பிக்காரன், எங்கண்ணனை அடித்தவன் முகத்தை மட்டும் காட்டுங்கள், நான் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று இந்தியில் கேட்டபோது, நாங்கள் ஒவ்வொருவரும் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம். அவன் ரயில் போன மறுநாளே பஸ் ஸ்டாண்டில் மறுபடி கம்பி வாடகைக்குப் போனது.

அமாவாசை வந்தது. அன்றைக்குத் தறிமேட்டில் தறி ஓடாது. ஊர் முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் இருந்தது. சென்னியப்பன் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டும் கையில் ஒரு கடப்பாரையுமாக உச்சி வெயிலில் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒத்தக்கொம்பன் எதிரில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு பேச்சுச் சொன்னார்.

"ஒண்டிக்கு ஒண்டி."

இந்தப் பேச்சைத் தறிமேட்டில் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கைத்தறிக் காலத்துப் பழக்கம் அது. இரண்டு பேர் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்து, ஒருவன் வாய்விட்டு இதைச் சொல்லிவிட்டால், சுற்றி நிற்பவர்கள் கைவைக்கக் கூடாது. கைவைக்காதது மட்டுமல்ல, பார்க்கவும் கூடாது, வட்டமாக நின்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். உள்ளே எவன் மிஞ்சுகிறானோ அவன் "நாந்தான்" என்று சொல்ல வேண்டும். ஜெயித்ததற்கும் அதே பேச்சு, செய்த பாவத்துக்கும் அதே பேச்சு. அவன் சொன்ன பிறகுதான் வட்டம் திரும்பும்.

முதலில் திரும்பியது ஷம்ஷாத் அக்கா. அவளைப் பார்த்துத் தக்காளிக்காரி திரும்பினாள், லைன்மேன் திரும்பினான், முதலாளிகள் திரும்பினார்கள், வேனில் வந்த வெளியூர்க்காரர்கள் எதற்கென்று தெரியாமலே திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். கோகுல்நாத்தின் டீமில் ஒருவன் திரும்பியபடியே செல்போனைத் தோளுக்கு மேலே பிடித்தான். அக்கா அதைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். கடைசியில் கோகுல்நாத் மட்டும் உள்ளே பார்த்து நின்றான். நீ எப்பவும் கூட்டத்தோட நின்னவன் தம்பி, இப்பவும் நில்லு, திரும்பி நில்லு என்றார் சென்னியப்பன். அவன் திரும்பினான்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்குக் காதால்தான் தெரியும். ஒத்தக்கொம்பன் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுத்தால் அது சாவாகாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முதல் சத்தம் எலும்பு. சென்னியப்பனின் இடது கை என்று பிறகு தெரிந்தது. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். கடப்பாரை இரும்புக் கவசத்தில் பட்டு வழுக்குகிற சத்தம், பட்டு இறங்குகிற சத்தம், யாரோ தார் ரோட்டில் இழுபடுகிற சத்தம், பஸ் கண்ணாடி ஒன்று உடைந்து எங்கள் பிடரியில் வந்து விழுந்தது, சூடாக ஏதோ எங்கள் குதிகால்களில் தெறித்து வழிந்து செருப்புக்குள் இறங்கியது, அது யாருடையது என்று தெரியாமல் நின்றோம். இரண்டு முறை அவர் செத்துவிட்டார் என்று நினைத்தோம். இரண்டு முறையும் கடப்பாரை தரையில் ஊன்றி எழுகிற சத்தம் கேட்டது. தறியோடாத ஊரில் அத்தனை சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. முப்பது பேர் குத்தும்போது எங்களுக்குக் கேட்காதது ஒன்று அன்றைக்குக் கேட்டது, அவனுக்கு வலித்தது.

கடைசியில் ஒரு பெரிய மூச்சு வந்தது. அது எட்டு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் கேட்ட மூச்சு. வெளியே போயிற்று, திரும்ப வரவில்லை.

நாந்தான் என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. வெயில் பிடரியைச் சுட்டது. யாரோ வாங்கி வைத்த டீ ஒன்று பெஞ்சின் மேல் ஆவி அடங்கி, ஆடை படிந்து, ஆறியது. டீ ஆறிய பிறகும் அவர் சொல்லவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அவன் எழுந்துவிடட்டும் என்று அவர் காத்திருக்கிறார். இத்தனை பேர் நின்ற அந்த இடத்தில், ஒத்தக்கொம்பன் எழுந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு விரும்பியது அவன் கேட்டபடி அவனைக் கொன்ற அந்த ஒருவர்தான்.

துண்டு உதறுகிற சத்தம் கேட்டது.

"நாந்தான்" என்றார்.

திரும்பினோம். ஒத்தக்கொம்பன் மல்லாந்து கிடந்தான், துண்டு போட்டும் மூடாத கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது. துண்டு மூச்சில் அசையவில்லை. சென்னியப்பன் ஒரு கை தொங்க, ஒரு கண் மூடிக்கொண்டிருக்க, வேட்டியில் வெள்ளை இல்லாமல், நெருப்பருகே உட்காருவதுபோல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கோகுல்நாத் அவரையும் துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் டீம் ஆட்கள், வாடா போலாம் என்று பைக்கை ஸ்டார்ட் செய்தார்கள். அவன் ஏறவில்லை. ரத்தத்தில் கால் வைத்து நடந்தால் தடம் விழும் என்று தெரிந்தும், சுற்றிப் போகாமல், அதன் நடுவிலேயே நடந்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, சாயப்பட்டறையைத் தாண்டி, ஸ்டேஷன் இருக்கும் வீதிக்குள் நுழைந்தான். கூட வர இரண்டு பேர் பின்னாலேயே வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தார். அவருடைய காலி நாற்காலிக்கு எதிரில் போய் நின்று, அவர் வரும்வரை நின்று, வந்ததும், என்ன ஏது என்று அவர் கேட்பதற்கு முன்னால், அவன் அதைச் சொன்னான்.

"நாந்தான்."